சாய்ந்தமருதில் ஏறுகிறவளின் இடம்

சாய்ந்தமருது
23.06.2022

அன்பின் சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் வாப்பாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் காது எப்படி? மூதூரில் கரண்டை எத்தனை மணித்தியாலம் வெட்டுகிறார்கள்? போனில் நான் கத்துவது பக்கத்து வீட்டுக்குத்தான் கேட்கிறது, உங்களுக்குக் கேட்பதில்லை. அதனால் பழையபடி எழுதுகிறேன். எனக்கும் கதைப்பதைவிட எழுதுவதுதான் லேசு.

ஒரு புதினம் சொல்ல வேண்டும். நான் பஸ்ஸில் போனேன்.

சிரிக்காதீர்கள். இருபத்து நாலு வயதில் இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்துக்கும், ஒலுவில் கெம்பஸுக்கும், இப்போது காணி உறுதி எழுதும் அக்கரைப்பற்று நொத்தாரிஸ் கந்தோர் வேலைக்கும் வாப்பாவின் ஓட்டோவைத் தவிர வேறொன்றில் நான் ஏறியதில்லை. கெம்பஸில் என் பெயரே ‘ஓட்டோ றஸ்னா’ தான்.

இப்போது அந்த ஓட்டோ மூன்று நாளாக பெற்றோல் செட் வரிசையில் நிற்கிறது. வாப்பா அதற்குள்ளேயே படுத்து எழும்புகிறார். சோறு கொண்டு போனபோது பஸ்ஸில் போகட்டுமா என்று கேட்டேன். அவிழ்த்த பார்சலைத் திரும்ப மூடிவிட்டார்.

“வேலைய உட்டாலும் பரவால்ல மகள். பஸ்ஸில மட்டும் ஏறாத.”

“எல்லாப் பொம்புளையளும் போறாங்கதானே வாப்பா?”

“எல்லாப் பொம்புளையளும் என்ட மகளா?”

நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். அதையும் சொன்னேன். வாப்பா பார்சலைத் திரும்ப அவிழ்த்தார். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. அதனால் போனேன்.

காலை ஆறே முக்காலுக்குக் கல்முனையிலிருந்து வரும் பஸ். மிதிபலகையில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். ஏறியதும் எங்கே நிற்பது, எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. கொண்டக்டர் வயதானவர். எல்லாரும் பூபாலசிங்கம் அண்ணன் என்கிறார்கள். என்னைக் கண்டதும் ஆட்களை விலக்கினார்.

“வழி உடுங்க, வழி உடுங்க. சாய்ந்தமருதுப் பிள்ள வந்திட்டா. வாங்க தங்கச்சி, உங்கட சீட் இரிக்கு.”

இடது பக்கம் மூன்றாவது சீட். இரண்டு பேர் இருக்கலாம். ஜன்னலோரத்தில் ஒரு மெரூன் குடை கிடந்தது, பிடி உடைந்து வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. இடம் பிடிக்கக் குடையோ கைலேஞ்சியோ வைத்தால் நம் ஊரில் யாரும் தொடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். குடைக்குச் சொந்தக்காரி வருவா என்று நான் இந்தப் பக்கம் இருந்துகொண்டேன். காரைதீவு போனது, நிந்தவூர் போனது, யாரும் வரவில்லை. அவ்வளவு சனத்திலும் அந்த இடத்தை ஒருவரும் கேட்கவில்லை.

ஒலுவிலில் ஒரு நிறைமாதப் பெண் ஏறினாள். அவளுக்கு இடம் கொடுக்கலாம் என்று குடையை எடுத்தேன். கை சீட்டில் பட்டது. சூடாக இருந்தது. யாரோ இருந்துவிட்டு அந்த நிமிடம்தான் எழும்பியது போன்ற சூடு. அந்தப் பெண்ணோ என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அப்பால், ஜன்னல் பக்கம் பார்த்து, “பரவால்ல, நீங்க இரிங்க” என்றாள்.

டிக்கட்டுக்கு ஒரு ஆளின் காசு கொடுத்தேன். கொண்டக்டர் இரண்டு டிக்கட் கிழித்துத் தந்தார். நான் ஒரு ஆள்தான் என்றேன். “மற்றதுக்குக் காசு வந்திட்டு” என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டார்.

சாச்சி, வழக்கமாகக் கேட்பதை இந்த முறையும் கேட்கிறேன். உம்மாவுக்கு நீங்கள் ஒரே தங்கச்சி. அவ சவூதிக்கு வேலைக்குப் போகும்போது எனக்கு நாலு வயது. அதற்குப் பிறகு உங்களுக்கு எழுதினாவா? கடைசியாக எப்போது? இப்போது எனக்குச் சம்பளம் வருகிறது, தேடிப் பார்க்கலாம். என்னை வேண்டாம் என்றுதான் வராமல் இருக்கிறா என்றால் அதையாவது சொல்லுங்கள். நான் தாங்குவேன்.

இன்னொன்று. வீட்டில் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை என்கிறார் வாப்பா. ஆனால் அவருடைய அறையைக் கூட்டும்போது பெற்றோல் மணக்கிறது.

வாப்பா உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னார்.

வஸ்ஸலாம்.
றஸ்னா


மூதூர்
11.07.2022

அன்பு மகள் றஸ்னாவுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். சாச்சி சுகம். காதும் முழங்காலும் மட்டும் என் சொல் கேட்பதில்லை. உன் கடிதம் வந்து சேர எட்டு நாள் சென்றது. தபால்காரருக்கும் பெற்றோல் இல்லை, சைக்கிளில் வருகிறார். நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். காஸ் இல்லாமல் விறகில் இறைச்சி ஆக்கி, வீடு முழுக்கப் புகை. புகையிலேயே பெருநாள் முடிந்தது.

நீ வேலைக்குப் போவது சந்தோசம். எங்கள் வீட்டில் பட்டம் எடுத்தவள் நீ ஒருத்திதான். வேலையை விடாதே. ஆனால் அந்தப் பச்சை பஸ்ஸில் ஏறாதே மகள். அரை மணி பிந்தினாலும் பின்னால் வரும் அரசாங்கத்து சீ.ரீ.பி. பஸ்ஸில் போ. ஏறும்போது ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொள். கிடைக்கிற இடத்தில் இரு, இல்லாவிட்டால் நில். ஒருவர் வைத்த குடையை எடுக்காதே.

வாப்பாவை வெயிலில் வரிசையில் நிற்கவிடாதே. அவருக்குப் பிரஷர் இருக்கிறது.

வீட்டில் எல்லாரும் சலாம்.

சாச்சி
பஸ்லியா


சாய்ந்தமருது
20.07.2022

அன்பின் சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா?

பஸ் பச்சை என்று நான் எழுதவில்லையே சாச்சி.

கடிதத்தை மடிப்பதற்கு முன் இரண்டு தடவை வாசிப்பது என் பழக்கம். எழுதியதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. நிறத்தை எழுதவில்லை.

ஆனாலும் நீங்கள் சொன்னபடி செய்தேன். சிவப்பு சீ.ரீ.பி. பஸ்ஸில் ஏறினேன். கால் வைக்க இடமில்லை. கம்பி எட்டவில்லை. பஸ் பிறேக் போட்டால் யார் மேல் விழுவேனோ என்று கூசிக்கொண்டு நின்றேன். நிந்தவூர் தாண்டியதும் பொட்டு வைத்த ஒரு அக்கா என் தோளைத் தட்டினா. தம்பிலுவிலுக்குப் போகிறவ போல, மடியில் மீன் கூடை.

“தங்கச்சி, அங்க உங்கட அம்மா எவ்வளவு நேரமாக் கையக் காட்டுறா. சீட் பிடிச்சு வச்சிருக்கிறா. நீங்க என்ன, ஜன்னலுக்குள்ளால வயலப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?”

“என்ட உம்மா வரல்ல அக்கா. நான் தனியத்தான்.”

“அப்ப அது ஆர்?” என்று திரும்பிப் பார்த்தா. நானும் பார்த்தேன். இடது பக்கம் மூன்றாவது சீட் காலியாக இருந்தது. ஜன்னலோரத்தில் அதே மெரூன் குடை. பிடியில் அதே வெள்ளைத் துணி. அக்கா மீன் கூடையை எடுத்துக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டா.

நான் போய் இருந்தேன் சாச்சி. நீங்கள் கோபப்படுவீர்கள். கால் வலித்தது என்று பொய் சொல்லலாம், ஆனால் அதற்காக இல்லை. ‘உங்கட அம்மா’ என்றோ ‘உங்கட உம்மா’ என்றோ என்னிடம் யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில், கலியாண வீடுகளில், எங்கேயும் சொன்னதில்லை. பிழையாகச் சொன்னாலும் சொன்னதுதானே.

இருக்கை சூடாக இருந்தது. பயம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாப்பா வரிசையில் இருக்கிறார். அவருடைய சலாமை நானே சொல்கிறேன். நான் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள். உம்மா எங்கே?

றஸ்னா


மூதூர்
31.07.2022

மகள் றஸ்னாவுக்கு,

சலாம். நான் சுகம்.

மௌத்தாகி மண்ணுக்குப் போனவர்கள் பஸ் ஏறுவதில்லை. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளதும் இல்லை. ஓதி நெஞ்சில் ஊதிக்கொள். பஸ்ஸில் யாரிடமும் ஒன்றும் கேட்காதே. அந்தக் குடையை வீட்டுக்குக் கொண்டு போகாதே. வாப்பாவிடம் இந்தக் கதையை எடுக்காதே.

தபால்காரர் சைக்கிளோடு வாசலில் நிற்கிறார், நிறைய எழுத முடியவில்லை.

பஸ்லியா


சாய்ந்தமருது
14.08.2022

அன்பின் சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க துஆ செய்கிறேன். எனக்குச் சுகம். வாப்பாவுக்குச் சுகமில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

மௌத்தானவர்களைப் பற்றி நான் உங்களிடம் கேட்கவேயில்லை. உம்மாவைப் பற்றித்தான் கேட்டேன். நீங்கள் எழுதிய அந்த வரியை நான் இன்னும் யாரிடமும் காட்டவில்லை.

இப்போது பெற்றோலுக்குக் கியூ.ஆர். முறை வந்துவிட்டது. ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர். அக்கரைப்பற்றுக்கு இரண்டு தடவை போய் வந்தாலே முடிந்துவிடும். மற்ற நாட்களில் நான் பஸ்ஸில்தான். போன புதன்கிழமை வாப்பா என் பையில் மருந்துச் சீட்டைத் தேடியபோது டிக்கட்டுகள் கொட்டுண்டன. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டிரண்டாக மடித்து வைத்திருந்தேன். ஏன் எறியாமல் வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

“ஆரோட போற?” என்று கேட்டார்.

“தனியத்தான் வாப்பா.”

“நாளைக்கு நானும் வாறன்.”

வியாழக்கிழமை வெள்ளைச் சேட் போட்டு, தொப்பி வைத்து, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்தார். பச்சை பஸ்தான் வந்தது. பூபாலசிங்கம் அண்ணன் வழக்கம் போல வழி விலக்கினார். நான் மூன்றாவது சீட்டில் இருந்தேன். வாப்பா எனக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கரப்பத்து. ரெண்டு” என்றார் வாப்பா.

கொண்டக்டர் மூன்று டிக்கட் கிழித்தார்.

“நாங்க ரெண்டு பேருதான்.”

“ஓம் நானா, நீங்களும் மகளும். மற்றது அவக்கு.”

“எவக்கு?”

பூபாலசிங்கம் அண்ணன் சிரித்தார். “என்ன நானா, வீட்டில சண்டையா? ஒரு பஸ்ஸில வந்தும் கதைக்காம வாறீங்க?”

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் திரும்பி வாப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாக, ஒருவர் மடியில் கை வைத்திருந்தால் கை இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேட் முழுக்க வேர்த்திருந்தது. நிந்தவூரில் பஸ் நிற்பதற்கு முன்னமே குதித்து இறங்கிவிட்டார். மூன்று டிக்கட்டும் என் கையில் இருந்தன.

வெயிலுக்குள் நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார். அன்று பின்னேரம் நான் தேத்தண்ணி கொண்டு போனபோது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார்.

“அவ உன்னட்ட என்னத்தச் சொன்னா?”

“ஆரு வாப்பா?”

போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். ஓட்டோ நாலு நாளாக வாசலில் நிற்கிறது. இந்தக் கிழமைப் பெற்றோலையும் எடுக்கப் போகவில்லை.

சாச்சி, உங்களுக்கும் வாப்பாவுக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாது.

றஸ்னா


சாய்ந்தமருது
16.08.2022

பஸ்லியாவுக்கு, ஜவுபர் எழுதுவது.

சலாம். சுகம் கேக்க இத எழுதல்ல.

நீ குர்ஆனில கை வெச்சி எனக்குச் சத்தியம் தந்தாய். மகள்ர உம்மா நாச்சியா திரும்பி வந்த கதைய அவளுக்குச் சொல்றல்ல எண்டு. மகள்ர பையில டிக்கட்ட ரெண்டிரண்டாக் கண்டதும், நீ சொல்லிப்போட்டாய், அவள் என்னோட விளையாடுறாள் எண்டுதான் முதல்ல நெனச்சன். அதுக்குத்தான் பஸ்ஸில ஏறினன்.

நான் முகத்தப் பாக்கல்ல. கையத்தான் பாத்தன். கலியாணம் முடிச்ச புதுசில கொதி எண்ணெய் தெறிச்ச தழும்பு. அந்தக் கை மகள்ர முந்தானைத் தும்பப் புடிச்சிக்கிட்டு இருந்த. பஸ் ஆடக்குள்ள புள்ள விழாம இருக்கப் புடிக்கிற மாதிரி.

உனக்கு ஒண்டு சொல்லல்ல. ஆருக்கும் சொல்லல்ல. போன நோன்பு இருவத்தேழில, பின்னேரம் அஸர் தொழுகை நேரம், எனக்கொரு போன் வந்த. கல்முனையில ஒரு பொம்புள நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்திட்டா, ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ வேணும், ஒருத்தருக்கிட்டயும் பெற்றோல் இல்ல எண்டாங்க. ஒழுங்கைட பேரச் சொன்ன உடன ஆள் ஆரெண்டு எனக்கு விளங்கின.

என்ட கட்டிலுக்குக் கீழ போத்தல்ல ரெண்டு லீற்றர் இருந்த. அது அடுத்த நாள் மகளக் கொண்டு போக வெச்ச. நான் பெற்றோல் இல்ல எண்டு சொன்னன்.

பொழுது படுற மஃரிபுக்கு முன்ன ஆள் மௌத்து.

அந்த ரெண்டு லீற்றர இண்டைக்கும் ஊத்த எனக்குக் கை வருகுதில்ல. வரிசையில மூணு நாள் கிடந்தும் அதத் தொடல்ல. மற்ற எல்லாத்தையும் சொன்னாலும் சொல்லு. இத மட்டும் அவளுக்குச் சொல்லிப்போடாத. எனக்கு அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

ஜவுபர்


சாய்ந்தமருது
05.09.2022

சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கவில்லை. மூன்று கிழமையாக உங்கள் பதில் இல்லை.

உம்மா உயிரோடு இருக்கிறாவா, இல்லையா? ஒரு சொல் எழுதினால் போதும். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கள்.

றஸ்னா


மூதூர்
15.09.2022

என் அன்பு மகள் றஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் துண்டுக் கடதாசிக்கு முன்னமே எழுத நினைத்தேன். ஆனால் என் தலையில் ஒரு சத்தியம் இருந்தது. சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். இந்த விலைவாசியில் எனக்கு ஏலாது. அப்படி ஏலாதவர்கள் மூன்று நோன்பு பிடிக்க வேண்டும் என்று ஆலிம் சொன்னார். திங்கள், செவ்வாய், புதன் மூன்றையும் பிடித்தேன். நேற்று நோன்பு திறந்தேன். இன்று எழுதுகிறேன்.

உன் உம்மா இல்லை மகள். போன நோன்பில் மௌத்தாகிவிட்டா. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன். கல்முனை மையவாடியில் அடக்கியிருக்கிறது.

அவ சவூதியில் நிற்கவில்லை. இரண்டாயிரத்து ஆறிலேயே திரும்பி வந்தா. அங்கே இருக்கும்போதே உன் வாப்பா தலாக் சொல்லிவிட்டார், காசு அனுப்பவில்லை என்று கோபம். அவ வேலைக்கு நின்ற வீட்டின் சொந்தக்காரி சம்பளம் கொடுக்காமல் பூட்டி வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அவ வந்து பார்த்தபோது கடற்கரையில் உங்கள் வீடு இல்லை, அத்திவாரம் மட்டும் இருந்தது. சுனாமிக்குப் பிறகு நீங்கள் உள்ளே மாறியிருந்தீர்கள். தேடிக் கண்டுபிடித்து வந்தா. வாப்பா படலையில் நிறுத்தி, “புள்ள உன்ன மறந்து இப்பதான் ஒழுங்காப் படிக்கிறாள். இப்ப நீ வந்தா ரெண்டுங் கெட்டுப் போகும். படிச்சி முடியட்டும், நானே சொல்றன்” என்றார். உம்மாவும் சத்தியம் செய்தா, நானும் செய்தேன். உன் படிப்பென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் வாய் அடைத்துவிடும். நாங்கள் எட்டாம் வகுப்பு.

கல்முனையில் ஒரு அறை எடுத்து இருந்தா. சவூதியிலிருந்து வந்தது முதல் முகம் மூடித்தான் திரிவா, ஊரில் ஒருவரும் அடையாளம் காணவில்லை. அக்கரைப்பற்றில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் அவித்தா. நீ கெம்பஸ் போகத் தொடங்கியதும், உன் ஓட்டோ போகிற நேரத்துக்கு அதே வீதியால் போகிற பஸ்ஸைப் பிடித்தா. பச்சை பஸ். இடது பக்கம் இருந்தால் கெம்பஸ் வளைவில் ஓட்டோ வாசலில் நிற்பது தெரியுமாம். ஒவ்வொரு நாளும் இரண்டு டிக்கட் எடுப்பா. எனக்கு எழுதினா: “ஒருநாள் அந்த ஓட்டோ பழுதாகும், இல்லாட்டி பெற்றோல் முடியும். அன்றைக்கு மகள் பஸ்ஸில் ஏறுவா. ஏறினால் ஆண்களுக்குள் நிற்கக்கூடாது. இடம் இருக்க வேண்டும்.”

நீ பட்டம் எடுத்தாய். வேலை கிடைக்கட்டும் என்றார் வாப்பா. வேலை கிடைத்தது. நோன்புப் பெருநாளைக்குச் சொல்கிறேன் என்றார். பெருநாளைக்கு மூன்று நாள் இருக்கும்போது உம்மா விழுந்தா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வாகனம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உன்னை வேண்டாம் என்று அவ ஒருநாளும் நினைத்ததில்லை. அதை எழுதத்தான் மூன்று நோன்பும் பிடித்தேன்.

அந்தக் குடை அவவுடையதுதான். ஏன் இன்னும் அங்கே கிடக்கிறது என்று என்னிடம் கேட்காதே. எனக்குப் பதில் தெரியாது.

வாப்பாவை வெறுக்காதே மகள்.

உன் சாச்சி
பஸ்லியா


சாய்ந்தமருது
02.10.2022

அன்பின் சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். இந்த முறை அதைச் சும்மா எழுதவில்லை. உங்கள் முழங்காலும் காதும் அல்லாஹ்வின் உதவியால் சுகமாகட்டும். நோன்பு பிடித்த களைப்புக்குக் கஞ்சி குடியுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அழுகை வரவில்லை. நாலாம் நாள் கந்தோரில் ஒரு காணி உறுதி தட்டெழுதும்போது, ‘இன்னாரின் மகள்’ என்று வரும் இடத்தில் விரல் நின்றுவிட்டது. அப்போதுதான் வந்தது. நொத்தாரிஸ் ஐயா கண் நோவா என்று கேட்டார். ஓம் என்றேன்.

நீங்கள் கேட்காதே என்றதை நான் கேட்டேன். பஸ் அக்கரைப்பற்றில் எல்லாரையும் இறக்கிய பிறகு பூபாலசிங்கம் அண்ணனிடம் போனேன்.

“அண்ணன், அந்தக் குடை ஆர்ர?”

“இதென்ன கேள்வி பிள்ள? உங்கட உம்மாடதானே. அஞ்சு வருசமா இந்தப் பஸ்ஸில வாறா. ரெண்டு டிக்கட். ‘என்ட மகள் சாய்ந்தமருதில ஏறுவா, அந்த இடத்த ஒருத்தருக்கும் குடுக்காதீங்க’ எண்டுவா. நான் பகிடி பண்ணுவன், எங்கம்மா உங்கட மகள், இன்னும் சாய்ந்தமருது வரல்லியா எண்டு.”

“ஒவ்வொரு நாளும் வந்தாவா?”

அவர் காசுப் பையைக் கழற்றி வைத்தார். “சித்திரைக்குப் பிறகு ரெண்டு மாசமா ஆளக் காணல்ல. வருத்தமாக்கும் எண்டு நெனச்சன். நீங்க முதல் ஏறின அண்டைக்குத்தான் திரும்ப வந்தா. நல்லா மெலிஞ்சு போனா. ஏன் பிள்ள, வீட்டில சொல்லல்லியா?”

நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை சாச்சி. அந்த மனிசன் நாளைக்கும் அந்தப் பஸ்ஸில் வேலை செய்ய வேண்டும்.

அடுத்த நாள் காலை நான் போய் இருந்தேன். குடையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நிந்தவூர் வரைக்கும் பேசாமல் இருந்தேன். நான் யாரோடும் சட்டென்று கதைப்பவளில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் உம்மாவுக்கும் அந்த அவசரம் இல்லை. நிந்தவூருக்கும் ஒலுவிலுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் வயல் வரும் இடத்தில், முகத்தைத் திருப்பாமல், உதடு அசையாமல் ஒன்றே ஒன்று கேட்டேன். ஏன் உங்களை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை?

கெம்பஸ் வளைவு வருவதற்குள் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன், வாப்பாவின் அறைக்குள் போய்க் குனிந்தேன். கட்டிலுக்குக் கீழே, பழைய சாரனால் மூடி ஒரு போத்தல் இருந்தது. இரண்டு லீற்றர். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இத்தனை மாதம் மணத்திருக்கிறது. மூன்று நாள் வரிசையில் கிடந்த மனிதர் இதைத் தொடவில்லை.

அதை வாப்பாவுக்கு முன்னால், தொழுகைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் போத்தலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பஸ்லியா எழுதினாளா?”

“சாச்சி எழுதல்ல வாப்பா. அவ வாகனம் கிடைக்கல்ல எண்டு மட்டுந்தான் எழுதின.”

அப்போ யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். தண்ணி கொடுத்தேன். வெறுக்காதே என்று எழுதியிருந்தீர்கள். வெறுக்கவில்லை. ஆனால் அவருடைய கையைப் பிடிக்க என் கை போகவில்லை. அது கொஞ்சக் காலம் எடுக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்த இரண்டு லீற்றரையும் ஓட்டோவுக்கு ஊற்றச் சொன்னேன். கல்முனை மையவாடிக்குப் போனோம். வாப்பா உள்ளே போனார். பெண்கள் நாங்கள் உள்ளே போவதில்லைதானே, நான் கேற்றுக்கு வெளியே நின்று யாசீன் ஓதினேன். அவர் திரும்பி வர நீண்ட நேரம் சென்றது. உள்ளே என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அந்த இடத்தில் பதில் சொல்ல யாருமில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது பெற்றோல் வரிசை முன்னைப் போல இல்லை. நேற்று வாப்பா ஓட்டோவைக் கழுவி, சீட்டுக்குப் புது உறை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது ஓட்டோத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இண்டைக்கு ஓட்டோவில போவமா மகள்? பெற்றோல் இரிக்கி.”

“வேணாம் வாப்பா. அங்க எனக்கு இடம் புடிச்சி வெச்சிருக்கு.”

வீதி முனை வரைக்கும் எனக்குப் பின்னால் நடந்து வந்தார். பஸ் வந்ததும் திரும்பிவிட்டார். ஏறிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாப்பாவுக்கு மூன்றாவது டிக்கட் கிழிக்கட்டுமா என்று பூபாலசிங்கம் அண்ணன் ஜன்னலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

பஸ் ஓட்டம் சீரானதும் இங்கே வாருங்கள் சாச்சி. திருகோணமலையிலிருந்து மூதூரால் கல்முனைக்கு நேர் பஸ் இருக்கிறது.

வாப்பா சலாம் சொன்னார். உம்மாவும் உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னா.

வஸ்ஸலாம்.
நாச்சியாவின் மகள்
றஸ்னா